ஐம்பத்தெட்டு கிலோ

மார்ச் 4, திங்கள்

டயாலிசிஸ் முடிந்து கிளம்பும்போது டெக்னீஷியன் ஷமீமா ஒரு நோட்டைக் கையில் திணித்தாள். தினமும் குடித்த தண்ணீர், உடல் எடை, பிரஷர் மூன்றையும் எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் என்று கட்டம் போட்டிருக்கிறது. பிரகாசி வாஸ். ஐம்பத்தொன்பது. எடையளவு முத்திரை ஆய்வாளர், தூத்துக்குடி. 'தற்போது மருத்துவ விடுப்பில்' என்று எழுதக் கட்டத்தில் இடமில்லை. நல்லதாகப் போயிற்று.

மூன்று எண்ணுக்கு இவ்வளவு பெரிய நோட்டு எதற்கு? வீணாக்க மனமில்லை. மற்றதையும் இதிலேயே எழுதுவேன்.

முதலில் எனக்கு நடப்பது என்ன என்பதை எழுதிவிடுகிறேன். அந்த ஹாலில் பாதிப் பேர் அது தெரியாமலே பயந்துகொண்டு படுத்திருக்கிறார்கள். இருபது வருஷச் சர்க்கரையில் என் இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன. ரத்தத்தில் சேரும் கழிவை எடுப்பதும், மிஞ்சிய நீரை வெளியே அனுப்புவதும் அவற்றின் வேலை. இப்போது அதை ஒரு மெஷின் செய்கிறது. இடது கையில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அங்கே இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், முடியைவிட மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் அடைத்த ஒரு ஃபில்டரில் புகுந்து, சுத்தமாகி, மற்றொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறிலிருந்து பத்து. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

கழிவை மெஷின் தானாக எடுத்துவிடும். நீரை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று மட்டும் அதற்கு யாராவது சொல்ல வேண்டும். எனக்குச் சிறுநீர் போவதில்லை என்பதால் குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். அப்படிக் கூடுதல் நீர் இல்லாதபோது நமக்கு என்ன எடையோ, அதை டிரை வெயிட் என்கிறார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு கிலோ. இன்று போய் நின்றபோது அறுபது கிலோ இருநூறு கிராம். ஆகவே இரண்டு லிட்டர் இருநூறு மில்லி எடுத்தார்கள். முழுக்க முழுக்க எடையை நம்பி நடக்கிற வைத்தியம். ஒரு நோய் வந்தே தீரவேண்டும் என்றால் எனக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைத்திருக்காது.

செப்டம்பர் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறேன். முப்பத்தொரு வருஷம் மீன் மார்க்கெட்டிலும் அரிசி மண்டியிலும் நின்று வேலை பார்த்துவிட்டுக் கட்டிலில் படுத்தபடி ஓய்வு பெற மாட்டேன். ஜூன் மூன்றாம் தேதி திரும்பச் சேரப்போகிறேன். டயாலிசிஸ் நாட்களில் பன்னிரண்டு மணிக்கு வந்தால் போதும் என்று மேலதிகாரி ஒத்துக்கொண்டுவிட்டார். டாக்டர் கோமதிநாயகம் தகுதிச் சான்று தரவேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

மார்ச் 8, வெள்ளி

வந்த எடை 59.8. முடிந்த எடை 58.0. பிரஷர் 130. தண்ணீர் 700 மில்லி. சாப்பாட்டையும் எழுதச் சொல்கிறார் என் கணவர் கஸ்பார். தட்டு காலி.

மார்ச் 11, திங்கள்

கடைசி அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் நயினார் தனக்குப் பிடித்ததும் கத்தி ஊரைக் கூட்டிவிட்டார். அவர் வலைக்கடை வைத்திருப்பவர், ஆறடி ஆள். எதிர் வரிசையிலும் மூன்று பேர் காலைப் பிடித்துவிடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போன வாரமும் இதே கதைதான்.

ஒருவருக்குப் பிடித்தால் உடம்பில் கோளாறு. ஐந்து பேருக்கு ஒரே வாரத்தில் பிடித்தால் தராசில் கோளாறு.

"ஷமீமா, அந்த எடை மெஷினை எப்ப சோதிச்சீங்க?"

"அது நல்லாத்தான் மேடம் இருக்கு. போன வருஷம்தான் வாங்குனது."

எல்லாக் கடைக்காரர்களும் எனக்குச் சொல்லும் பதில் இதுதான்.

மார்ச் 13, புதன்

அலுவலக உதவியாளர் பிச்சையாவை வரச்சொல்லியிருந்தேன். இருபது கிலோ சோதனைக் கல் மூன்றை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்பதால் நான் விரலால் காட்ட அவர் ஏற்றி வைத்தார். அறுபது கிலோவுக்கு அறுபது புள்ளி ஏழு காட்டியது.

டாக்டரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். "இது எழுநூறு கிராம் கூடக் காட்டுது டாக்டர். எங்க உடம்புல இல்லாத தண்ணிய இருக்குன்னு நெனச்சு எடுத்திருக்கீங்க. கால் பிடிக்காம என்ன செய்யும்?" என்றேன். அவர் மூன்று கல்லையும் தானே ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு தராசு வரும் என்றார். நயினார் படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கப் போய், ஊசி இருக்கிற கையை ஷமீமா அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மாதமாகப் படுக்கையாகக் கிடந்தவளுக்கு இன்று ஒரு நாள் வேலை கிடைத்தது. எவ்வளவு சந்தோஷம் என்று எழுதி முடியாது.

மார்ச் 18, திங்கள்

புதுத் தராசு. அதையும் சோதித்தேன். அறுபதுக்கு அறுபது. ஒருவருக்கும் கால் பிடிக்கவில்லை. ஹாலில் எனக்குத் 'தராசு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எடையில் சந்தேகம் வந்தால் இப்போது ஷமீமாவிடம் போவதில்லை, என் கட்டிலுக்கு வருகிறார்கள். முடிந்த எடை 58.0. தட்டு காலி.

மார்ச் 22, வெள்ளி

தவக்காலம். நோயாளிகள் ஒருசந்தி நோன்பு இருக்கத் தேவையில்லை என்று பங்குச் சாமியார் சொல்கிறார். காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டு நான் ஒருசந்தி பிடிக்கிறேன். இது எனக்கும் ஆண்டவருக்கும் இடையிலானது என்று கஸ்பாரிடம் சொல்லிவிட்டேன். அவர் பக்திமான், மறுபேச்சு பேசவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், ஓய்வு பெற்றபின் எனக்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டார். காய்கறியில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது. கிட்னி இல்லாதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும். அதனால் அதிகாலையில் எழுந்து காயைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிக்கிறார். பொட்டாசியம் போய்விடுகிறது. கூடவே கத்தரிக்காய் கத்தரிக்காயாக இருந்ததற்கான அடையாளமும் போய்விடுகிறது. உப்பும் கிடையாது.

"பிடிச்சிருக்கா?" என்று இன்றும் கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

பக்கத்து வீட்டுச் செவலைப் பூனை நல்ல பூனை. மதியம் ஒரு மணிக்கு டாண் என்று பின்வாசலுக்கு வந்துவிடுகிறது. கஸ்பார் அந்த நேரம் குளிக்கப் போவார்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். காலைப் பூசைக்குப் போய் வந்தோம். முழங்கால் போட முடிந்தது, எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. கஸ்பார் விளமீன் வாங்கிவந்து மிளகு மட்டும் போட்டுப் பொரித்தார். தட்டு காலி. வலது கை வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. வார் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 8, திங்கள்

டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். மூன்று வாரமாக முடிந்த எடை 58.0, 58.0, 58.0. ஒரு கோடு போட்டதுபோல் இருக்கிறது. "இப்படியே இருந்து பிரஷரும் அடங்கி இருந்தா, மே கடைசியில சான்றுல கையெழுத்துப் போட்டுடுறேன் மேடம்" என்றார். மற்ற நோயாளிகளுக்கு என் நோட்டைக் காட்டச் சொல்லி ஷமீமாவிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்பாரிடம் என் அலுவலகச் சேலைகளை வெயிலில் போடச் சொன்னேன்.

ஏப்ரல் 13, சனி

வேலைக்குப் போக நான்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். நான்கிலும் கை லொடலொடவென்று கிடக்கிறது. பழைய அளவு ரவிக்கையைத்தான் கொடுத்தேன். தையல்காரி செல்வராணியிடம் டேப்பை வாங்கி என் இரும்பு ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். டேப் சரியாக இருந்தது.

"அளவு ரவிக்கையப் போட்டுக் காட்டுங்கக்கா" என்றாள். எனக்கு அதற்கு நேரமில்லை. ஒழுங்காகப் பிடித்துத் தை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 17, புதன்

58.0. பிரஷர் 156. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் ஒரு லாரிக்காரன் உரசுவதுபோல் வந்தான், அந்தக் கோபம் இருக்கும். புதுச் செருப்பு பாதத்தில் பள்ளம் விழும்படி பதிகிறது. ஏழாம் நம்பர் என்று போட்டு ஆறாம் நம்பரை விற்கிறார்கள்.

ஏப்ரல் 26, வெள்ளி

58.0. பிரஷர் 164. இன்று ஷமீமாவோடு ஒரு வாக்குவாதம்.

"மேடம், உங்க டிரை வெயிட்ட ஒரு அரை கிலோ குறைச்சுப் பாப்போமா? பிரஷர் ஏறிக்கிட்டே வருது. கால்லயும் லேசா தண்ணி தெரியுது."

"எதை வச்சு அரை கிலோன்னு சொல்லுத?"

"உடம்பு வத்துன மாதிரி இருக்கு மேடம். முகம் ஒட்டிப் போச்சு."

"மாதிரிங்கறது ஒரு அளவா? ஐம்பத்தெட்டுன்னு தராசு சொல்லுது. நான் சோதிச்ச தராசு. நீ கண்ணால பாத்து எடை போடுவியா?"

ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. நயினார் சிரித்தார். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. டாக்டரிடம் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டாள். அவர் வரும்போது நானே சொல்கிறேன் என்றேன்.

இருபத்தாறு வயதுப் பெண். நல்ல வேலைக்காரி. ஊசி குத்துவது தெரியாமல் குத்துவாள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மே 1, புதன்

டாக்டர் வந்தார். வேறு பேச்சு வந்துவிட்டது.

மே 5, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கியாயிற்று. தொண்டை வறண்டாலும் எழுநூறு மில்லியைத் தாண்டவில்லை. தலையணை ஒன்று போதவில்லை, மூன்று வைத்துச் சாய்ந்தால்தான் இருமல் நிற்கிறது. தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அந்தத் தூசி.

மே 8, புதன்

கஸ்பார் காலையில் என் காலைப் பிடித்து விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து, நிரம்ப நேரமாயிற்று.

"இத டாக்டர்ட்ட காட்டணும், பிரகாசி."

"எடை சரியா இருக்குங்க."

"எடை கெடக்கு. மாடிப்படி நாலு ஏறுனா நிக்குத. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் பொறுங்க. இப்பப் போய் அது இதுன்னு சொன்னா சான்று தரமாட்டாரு."

அவர் எழுந்து போய்க் காயைக் கழுவினார். முடிந்த எடை 58.0. பிரஷர் 172. தட்டு காலி.

மே 14, செவ்வாய். ஆஸ்பத்திரி.

இதை வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு நாள் எழுதவில்லை. எழுதும் நிலையில் இல்லை.

ஞாயிறு காலை பூசைக்குப் புறப்பட்டுச் சேலைக் கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு உள்ளே போனது, அடி வரை போகவில்லை. இன்னொன்று இழுத்தேன். அதுவும் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தேன், தரையில் உட்கார்ந்தேன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கும் வரவில்லை. கஸ்பாரைக் கூப்பிடக்கூட மூச்சு இல்லாமல் மேஜையைத் தட்டினேன். செத்துவிடுவேன் என்று நினைத்தேன். வேலை, ஜூன் மூன்று எதுவும் நினைவில் இல்லை. இந்த மனுஷன் தனியாக இருப்பாரே என்பது மட்டும்தான் இருந்தது.

ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார். முகத்தில் ஆக்சிஜன் வைத்து உடனே மெஷினில் போட்டார்கள். ஞாயிறு விடுமுறை என்றாலும் ஷமீமா வந்திருந்தாள். வந்த எடை 60.1. அவள் ஐம்பத்தெட்டில் நிறுத்தவில்லை. டாக்டர் சொல்லச் சொல்லக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். இரண்டு லிட்டர் தாண்டியபோது எனக்கு மூச்சு அடி வரை போயிற்று. 57.1. நேற்று மறுபடியும் போட்டார்கள். 55.3. நாளையும் உண்டு.

டாக்டர் இன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தராசுல தப்பே இல்ல மேடம். ஆனா நீங்க ஏறி நின்னா, அதுல சதை எவ்வளவு தண்ணி எவ்வளவுன்னு அது பிரிச்சுச் சொல்லாது. ரெண்டரை மாசத்துல உங்களுக்கு நாலு கிலோ சதை போயிருக்கு. நாங்க ஒவ்வொரு தடவையும் ஐம்பத்தெட்டுல நிறுத்திட்டே இருந்தோம். போன சதைக்குப் பதிலா அங்க தண்ணி வந்து உக்காந்துக்கிச்சு. முதல்ல கால்ல நின்னுச்சு, பிரஷர ஏத்துச்சு, கடைசியில நுரையீரலுக்குப் போயிடுச்சு. டிரை வெயிட்ங்கறது ஒருதடவை குறிச்சு வச்சுக்கிற நம்பர் இல்ல. உடம்பு மாறுனா அதுவும் மாறணும். நாங்க கவனிச்சிருக்கணும். தராசு மேடம் எடையில தப்பு வராதுன்னு நாங்களும் அசந்துட்டோம்."

கருவாட்டு மார்க்கெட்டில் இதே காரியத்துக்காக எத்தனை கடையில் ஏறியிருக்கிறேன். காய்ந்த கருவாட்டின்மேல் தண்ணீரைத் தெளித்து நிறுப்பார்கள். தராசு சரி, முத்திரை சரி, முள் ஒரு கிலோவில் நிற்கும். வாங்கியவள் வீட்டில் காயவைத்தால் முக்கால் கிலோ. புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம், தராசை மட்டும் பார்த்துவிட்டு வராதே, தட்டில் கிடப்பதையும் தொட்டுப் பார் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். ஷமீமா தொட்டுப் பார்த்துத்தான் சொன்னாள். கஸ்பார் தொட்டுப் பார்த்துத்தான் சொன்னார்.

எழுந்து போகுமுன், சதை ஏன் போயிற்று என்று டாக்டர் கேட்டார். இந்த நோயில் அப்படிப் போகும்தானே என்றேன். அவர் கஸ்பாரைப் பார்த்தார். "அவ நல்லாத்தான் டாக்டர் சாப்பிடுதா. தட்டுல ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்றார் கஸ்பார்.

மே 16, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. புது டிரை வெயிட் ஐம்பத்து நான்கு.

மதியம் தட்டை வைத்துவிட்டுக் குளிக்கப் போகத் துண்டை எடுத்தார். உட்காருங்கள் என்றேன். மார்ச்சிலிருந்து நான் சாப்பிடவில்லை என்று சொன்னேன். தவக்காலத்தில் ஒருசந்தி என்று சொன்னது பாதி சாக்கு. மதியம் இரண்டு வாய் தின்பேன், மீனும் முட்டையும் பூனைக்கு, சோறு காக்கைக்கு. பசி இல்லை, வாயில் வைத்தால் குமட்டியது. நோட்டு முழுக்கத் 'தட்டு காலி' என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது.

அவர் துண்டைத் தோளில் போட்டபடி நின்றார்.

"விளமீன் பொரிச்சேனே, அது?"

"அதுவும்."

"முட்ட?"

"அதுவுந்தான்."

உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நல்லா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா வேற மாதிரி வச்சிருப்பேன்ல. நான் என்ன ஓட்டலா நடத்துதேன், திருப்பி அனுப்புனா கோவப்பட? பிடிச்சிருக்கான்னு தெனமும் கேட்டேனே பிரகாசி."

"நாலரைக்கு எந்திரிச்சுச் செய்யுதீங்க. எப்படிச் சொல்ல?"

"நீ போய்ச் சேந்துட்டா நான் நாலரைக்கு எந்திரிச்சு யாருக்குக் காய் நறுக்க?"

கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து இன்றுதான் கேட்டேன். அழுதேன். அவரும் அழுதார். பிறகு தட்டில் இருந்ததில் பாதி தின்றேன்.

மே 17, வெள்ளி

எல்லாவற்றையும் டாக்டரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பசி செத்துப்போவதும் இந்த நோயில் உண்டாம், சொன்னால் அதற்கும் மருந்து இருக்கிறதாம். டயாலிசிஸ் செய்யும்போது கொஞ்சம் புரதமும் வெளியே போய்விடுகிறது. அதனால் மற்றவர்களைவிட எனக்குத்தான் மீனும் முட்டை வெள்ளையும் கூடுதலாக வேண்டும். நான் பூனைக்குப் போட்டது என் கைச் சதை. அதன் கழுத்து இரண்டு மடிப்பு விழுந்திருப்பதைக் கஸ்பார் இன்று காட்டினார்.

ஷமீமாவிடம் ஹாலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அன்னைக்கு நீ சொன்னது சரி, நான் பேசுனது தப்பு." அவள் ஊசி குத்துவதில் கவனமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டாள். நயினார் இந்த முறை சிரிக்கவில்லை. தன் எடையையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். ஷமீமாவைக் கேளுங்கள் என்றேன்.

மே 22, புதன்

54.0. பிரஷர் 134. காலில் பள்ளம் இல்லை. ஒரு தலையணை. கஸ்பார் சமையலை மாற்றிவிட்டார். பூண்டும் மிளகும் தட்டிப் போடுகிறார், இறக்கும்போது எலுமிச்சை நாலு சொட்டு. கத்தரிக்காய் பாதி கத்தரிக்காயாகிவிட்டது. இட்லி இரண்டரை, முட்டை வெள்ளை இரண்டு, மதியம் ஊளி மீன் ஒரு துண்டு. பூனை பின்வாசலில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மே 27, திங்கள்

பாதி. குமட்டல்.

மே 28, செவ்வாய்

பாதிக்கும் கீழே. சான்றுக்கு இன்னும் மூன்றே நாள், முழுவதும் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது. எழுதவில்லை.

மே 29, புதன்

மீனை ஒதுக்கிவிட்டேன். 54.0.

மே 31, வெள்ளி

இன்று சான்று. கஸ்பார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நோட்டை நான் பையை விட்டு எடுக்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார், நுரையீரல் சுத்தம். பிரஷர் 130. எடை இரண்டு வாரமாக ஐம்பத்து நான்கு. ரத்தத்தில் புரதம் இன்னும் குறைவுதான், ஆனால் ஏறுமுகம். சான்றுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். என் பெயர் டைப் அடித்திருந்தது. ஜூன் 3 என்ற தேதியும் இருந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"சாப்பாடு ஒழுங்காப் போகுதுல்ல? அது மட்டும்தான் எனக்குத் தெரியணும். பாதி வயிறோட நீங்க மார்க்கெட்ல போய் நின்னா மறுபடியும் அதே இடத்துக்கு வந்துடுவோம்."

நான் வாயைத் திறக்குமுன் கஸ்பார் முந்திக்கொண்டார்.

"நல்லா சாப்பிடுதா டாக்டர். வச்சது மிச்சமில்ல. நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடுதேன்."

அந்த மனுஷன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்வதற்குப் பாவம் தேடுகிறவர். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் என் தட்டில் மிஞ்சியதைத் தன் கையால் எடுத்துப் போட்டவர். எனக்கு அந்தத் தாள் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துதான் சொன்னார். அவர் காது மடல் சிவந்துவிட்டது. டாக்டர் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார்.

எனக்கு அந்தத் தாள் வேண்டும். இப்போது எழுதும்போதும் வேண்டும்.

"இல்ல டாக்டர். இந்த வாரம் மூணு நாள் பாதிதான். நேத்துலருந்துதான் முழுசாத் திங்கேன்."

கஸ்பார் தரையைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேனாவை மூடினார். குமட்டலுக்கு மாத்திரையை மாற்றி எழுதினார். "ஜூலை ஒண்ணு" என்றார். "ஒரு மாசம் ஒழுங்காச் சாப்பிட்டுக் காட்டுங்க. இதே தாள், தேதிய மட்டும் மாத்திடுறேன்."

எத்தனையோ கடையில் முத்திரை கொடுக்காமல் தராசைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கடைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்று தெரிந்தது. வலிக்கிறது. ஆட்டோவில் கஸ்பாரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீ சேலையெல்லாம் வெயில்ல போடச் சொன்னியே" என்றார்.

ஜூன் 3, திங்கள்

வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டிய நாள். டயாலிசிஸ் முடிந்து பத்தரைக்கு வீட்டுக்கு வந்தோம். 54.0. பிரஷர் 128. அலுவலகத்துக்கு போன் செய்து ஜூலை ஒன்று என்று சொன்னேன். மேலதிகாரி சரி என்றார். ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம் மிஞ்சும். ஒரு சுற்று எல்லா மார்க்கெட்டையும் பார்த்துவிடலாம், அதில் கருவாட்டு மார்க்கெட் முதலில்.

சோதனைக்குப் போகும் இடத்தில் நான் மட்டும் எழுதி நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் அந்த அறிக்கை செல்லாது, சாட்சி வேண்டும். இந்த நோட்டு மூன்று மாதமாகச் சாட்சி இல்லாமல் ஓடியிருக்கிறது. அதனால் இன்று சாப்பிட்டு முடித்ததும் எழுதி அவர் முன்னால் நீட்டினேன்: இட்லி மூன்று, முட்டை வெள்ளை இரண்டு, முழுவதும் சாப்பிட்டது.

கஸ்பார் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பேனாவைக் கையில் வாங்கவில்லை.

"மூணாவது இட்லிய நான் பாக்கலையே. கொழம்பு சூடாக்க உள்ள போயிருந்தேன்."

"நான்தான் சொல்லுதேன்ல, தின்னுட்டேன்."

"நீ சொன்னதத்தான மார்ச்லருந்து நம்பிட்டு இருந்தேன். டாக்டர்ட்ட நான் ஒரு பொய் சொன்னதோட சரி. இனிமே பாத்தாத்தான் கையெழுத்து."

இன்னொரு இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வயிற்றில் இடமில்லை என்றேன். மெதுவாகச் சாப்பிடச் சொன்னார். கால் மணி நேரமாயிற்று. கடைசி விள்ளலை நான் விழுங்கும்வரை இருந்து பார்த்துவிட்டு, மூன்றை நான்காகத் திருத்தி, 'அதில் மூன்றைக் கண்டேன், கஸ்பார்' என்று எழுதித் தேதி போட்டார்.